காருக்குக் கம்ப்யூட்டர் மாட்டி உளுந்து அடிச்ச கதை

போன வாரம் எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். காருக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி மாட்டணும்.

என் கார் பதினஞ்சு வருசப் பழசு. அதுல ஆசைப்பட்டு டர்போ மாட்டியிருக்கேன், இன்ஜினுக்குள்ள கூடுதலா காத்தை ஊதி வேகம் ஏத்துற சாமான். அறந்தாங்கியில டர்போ எதுக்குன்னு நீங்களும் கேக்காதீங்க. வீட்டுக்காரி தினம் கேக்குறா.

பெட்ரோல் எவ்வளவு விடணும், தீப்பொறி எப்ப வைக்கணும்னு இன்ஜினுக்குச் சொல்றது உள்ள இருக்கிற ஒரு சின்ன கம்ப்யூட்டர். கம்பெனி குடுத்த கம்ப்யூட்டருக்கு டர்போன்னா என்னன்னே தெரியாது. அதனால வண்டி பாலம் ஏறும்போதெல்லாம் இருமும்.

இதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு ஸ்டாண்ட்அலோன். பழைய மேனேஜரை வீட்டுக்கு அனுப்பிட்டு புது மேனேஜரை உக்கார வைக்கிறது. இன்னொண்ணு பட்ஜெட் பாக்ஸ். பழைய மேனேஜர் அப்படியே இருப்பாரு, அவரு காதுல பொய் சொல்றதுக்கு ஒரு ஆளைப் பக்கத்துல போடுறது.

மெக்கானிக் பாஸ்கர் சொன்னான், "அண்ணே, ஒங்க ஓட்டத்துக்கு அந்தச் சின்ன பாக்ஸே போதும். புடிக்கலைன்னா கழட்டிப் போட்டுட்டுப் போயிட்டே இருக்கலாம்."

நான் கேப்பேனா? கார்க்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல கேட்டுப் போட்டேன். நாப்பது பேர் ஸ்டாண்ட்அலோன்னு சொன்னாங்க. அதுல முப்பது பேர்கிட்ட காரே கிடையாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது!

"ஸ்டாண்ட்அலோன்தான் பாஸ்கர். செஞ்சா முழுசா செய்யணும்."

இதுல அவசரம் வேற. ஞாயித்துக்கிழமை என் தங்கச்சி மக யாழினிக்குக் காதுகுத்து, கந்தர்வக்கோட்டைப் பக்கம். தாய்மாமன் நான். என் மடியில வச்சுத்தான் குத்தணும். மூணு வயசுப் பிள்ளை, போன்ல என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. "மாமா, ஒங்க கார்ல ரவுண்டு போலாமா?"

"ஒனக்கு இல்லாத காரா? வாரேன் பாரு"ன்னு வாக்குக் குடுத்துட்டேன்.

வெள்ளிக்கிழமை பாஸ்கர் புதுசை மாட்டினான். வயர் எட்டலை. "அண்ணே, இதை சீட்டுக்கு அடியில வைக்கணும். ஒரு நாள் குடுங்க, வயரை நீட்டிடுறேன்."

"நேரமில்லப்பா. பானெட்டுக்குள்ளயே டேப் போட்டு ஒட்டு."

"அப்ப இந்தப் பழைய வயரு?"

"வெட்டி எறி. இனிமே அது எதுக்கு?"

அந்த வசனத்தை நான் சொன்ன தோரணையை நீங்க பாத்திருக்கணும்.

சனிக்கிழமை காலையில டியூனிங், அதாவது வண்டியை ஓட்டி ஓட்டிப் புது கம்ப்யூட்டருக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கிறது. கோயமுத்தூர்ல ஒரு தம்பி, நம்ம லேப்டாப் வழியா அங்கிருந்தே சரி பண்ணுவாரு. "ப்ரோ, ஆள் நடமாட்டம் இல்லாத நேர் ரோடா பாருங்க. தேர்டு கியர்லயே ஒரு கிலோமீட்டர் போங்க, திரும்பி வாங்க. ஒரு இருவது தடவை."

ஊருக்கு வெளியில அருமையான ரோடு ஒண்ணு கிடைச்சுது. பாதி தூரத்துல பாத்தா, ரோடு முழுக்க உளுந்துச் செடி காயுது! பிரேக் போட்டேன். முக்காட்டைச் சரி பண்ணிக்கிட்டே ஒரு அக்கா ஓடி வந்துச்சு. திட்டப் போகுதுன்னு நெனச்சேன்.

"ஏன் தம்பி நிக்கிற? மேல ஏத்திப் போப்பா! காலையில இருந்து நாலு மொபெட்டுதான் போயிருக்கு, ஒரு மணி உதிரலை."

ஏத்திப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். அக்காவுக்கு வாயெல்லாம் பல்லு.

"இந்தாடி, ஒங்க செடியையும் இங்கிட்டுக் கொண்டாந்து போடுங்க! ஒரு தம்பி இதே வேலையா ஓட்டுது!"

ஆறாவது தடவை போறதுக்குள்ள மூணு வீட்டு உளுந்து ரோட்டுக்கு வந்துருச்சு.

கோயமுத்தூர்ல இருந்து போன். "ப்ரோ, டயர் வழுக்குதா? ஸ்க்ரீன்ல கிராஃப் ஒரு மாதிரி ஆடுது."

"உளுந்து ப்ரோ."

"என்ன ப்ரோ?"

"உளுந்துச் செடி. ரோட்டுல காயுது."

"சரி… அடுத்த ரன் மெதுவா எடுங்க."

மெதுவா எடுத்தேன். அக்கா ஜன்னல் பக்கம் வந்து சொல்லுச்சு, "இப்பத்தான் தம்பி பக்குவமா ஓட்டுற. இப்படிப் போனாத்தான் மணி ஒடையாது."

ஒரே ஓட்டத்துக்கு ரெண்டு டியூனர்!

பதினோராவது தடவை நல்லா கமகமன்னு வாசனை வந்துச்சு. வடகம் தாளிக்கிற மாதிரி. எந்த வீட்டுல சமையல்னு நான் ரசிச்சுக்கிட்டே போறேன். அடுப்பே என் வண்டிதான்! செடி கொத்தா அடியில சுத்தி ஏறி, சூடான டர்போ குழாயில மாட்டிப் புகையுது.

நான் இறங்கி பானெட்டைத் திறந்தேன். "எல்லாரும் தள்ளிப் போங்க"ன்னு கத்துறதுக்குள்ள அக்கா ஒரு குடம், பக்கத்து வீட்டுக்காரவுக ஒரு குடம். நேரா உள்ள!

புகை நின்னுருச்சு. இன்ஜினும் நின்னுருச்சு.

"ப்ரோ, நெட்டு போயிருச்சா?"

"கம்ப்யூட்டரே போயிருச்சு ப்ரோ."

தகவல் சொன்னதும் பாஸ்கர் பழைய கம்ப்யூட்டரோட வந்தான். பானெட்டுக்குள்ள எட்டிப் பாத்தான். டேப்பைப் பாத்தான். வெட்டின வயரைப் பாத்தான். கடைசியா என்னைப் பாத்தான்.

"அந்தச் சின்ன பாக்ஸா இருந்தா, அதைக் கழட்டிட்டுப் பழசுலயே ஓட்டிட்டுப் போயிருக்கலாம்ணே."

"இப்ப?"

"இப்ப தள்ளணும்ணே."

தள்ளினோம். உளுந்துக்காரவுக எல்லாரும் கை குடுத்தாங்க. கிளம்பும்போது அக்கா ஒரு பை உளுந்தை என் கையில திணிச்சுது. வேணாம்னா கேக்கலை. "வேலை செஞ்சிருக்கேல்ல தம்பி, கொண்டு போ."

ஞாயித்துக்கிழமை நானும் வீட்டுக்காரியும் சீர்த்தட்டோட பஸ்ல போனோம். மடியில பழத்தட்டு, காலுக்குக் கீழ உளுந்துப் பை. அவ வழி முழுக்க ஜன்னல் வழியா எதிர்ல வர்ற காரையெல்லாம் எண்ணிக்கிட்டே வந்தா. திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

தங்கச்சி தட்டையும் பையையும் வாங்கிப் பாத்துட்டுக் கேட்டா, "சீர்ல உளுந்து எதுக்குண்ணே?"

"கார் சம்பாதிச்சது."

யாழினியை மடியில வச்சேன். ஊசி குத்தினப்ப ரெண்டு சொட்டுக் கண்ணீர், அவ்வளவுதான். எல்லாரும் தைரியமான பிள்ளைன்னாங்க. அப்புறம் என் கன்னத்தைத் திருப்பி, "மாமா, கார்?"னு கேட்டுச்சு.

வரலைன்னு சொன்னேன். அப்ப அழுதுச்சு பாருங்க, பந்தியில இருந்தவங்க எல்லாம் எந்திரிச்சு வந்துட்டாங்க! நாப்பது பேர் பேச்சைக் கேட்டவன், இந்த ஒரு பிள்ளையை நெனச்சிருக்கணும்.

நேத்து குரூப்புல ஒருத்தர் கேட்டிருந்தாரு, ஸ்டாண்ட்அலோன் நல்லதா, பட்ஜெட் நல்லதான்னு.

பதில் போட்டேன்: "காருக்குன்னா பட்ஜெட். உளுந்துக்குன்னா ஸ்டாண்ட்அலோன்."