ராணியின் மூக்கில் இரண்டு பள்ளம்

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் வீட்டாரும் நலமென நம்புகிறேன். இங்கே உங்கள் தங்கையும் பிள்ளைகளும் சௌக்கியம். நான் மட்டும் நேற்றிலிருந்து சாப்பாடு இறங்காமல் கிடக்கிறேன்.

அருங்காட்சியகத்தில் நீங்கள் காவல் நிற்கும் மூன்றாவது அறையில், ‘இரண்டாயிரம் ஆண்டு பழைய ராணி’ என்று பலகை மாட்டிய பளிங்குத் தலை இருக்கிறதே, அந்த ராணிக்கு வயது ஏழு மாதம். செதுக்கியது நான். முகம் உங்கள் தங்கையுடையது. கூடப் பிறந்தவளை அடையாளம் தெரியாமலா மச்சான் ஒரு மாதமாகக் காவல் காக்கிறீர்கள்?

ஓட்டல் வரவேற்பறைக்கு என்றுதான் தரகர் கேட்டார். “பழசு மாதிரி இருக்கணும், அவ்வளவுதான்”னார். நானும் தேயிலைத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒரு காதைத் தட்டி உடைத்து, கொல்லையில் மூன்று மாதம் புதைத்துத் தினமும் தண்ணீர் விட்டேன். “தக்காளியா?” என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதற்குத் தலையாட்டினேன். ஓட்டலுக்கென்று வாங்கியதைத் தரகர் உங்கள் அருங்காட்சியகத்தில் தள்ளிவிட்டதைச் செய்தித்தாளில் பார்த்ததுமே ஓடிப்போய் உண்மையைச் சொல்லியிருக்கணும். ஆனால் ‘மேதையின் கை’ன்னு போட்டிருந்தாங்க மச்சான். இருபது வருஷமா உளி பிடிக்கிறேன், ஒருத்தர் சொன்னதில்லை. திரும்பத் திரும்பப் படிச்சுக்கிட்டே இருந்துட்டேன். உங்கள் தங்கையிடம்கூடச் சொல்லவில்லை.

நேற்று அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்து முகம் கழுவிவிட்டுத் திரும்பினாள். மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய பள்ளம். கண்ணில் பட்டதை ஒன்று விடாமல் செதுக்குகிறவனாயிற்றே நான்! ராணிக்கும் அந்தப் பள்ளம் இருக்கு மச்சான். அந்தக் காலத்துல ஏது மூக்குக்கண்ணாடி?

“ஏன் பேயடிச்ச மாதிரி பாக்கறீங்க?” என்றாள்.

“ஒண்ணுமில்ல, முதல்ல கண்ணாடியைப் போடு” என்றேன்.

வியாழக்கிழமை நிபுணர் ஒருவர் பூதக்கண்ணாடியோடு வருகிறாராமே. அவர் பார்த்தால் நான் கம்பி எண்ண வேண்டியதுதான். மாப்பிள்ளை செஞ்சான், மச்சான் காவல் காத்தான்னு உங்களையும் சேர்த்து இழுப்பாங்க. அதனால், தூசி துடைக்கும்போது கை தவறின மாதிரி அந்த மூக்கை மட்டும் தட்டிவிடுங்கள். பழைய சிலைக்கு மூக்கு இல்லையென்றால் யாரும் கேட்க மாட்டார்கள். சுத்தியல் வேண்டாம், சாவிக்கொத்து போதும். என் வாழ்நாளில் அமைந்த ஒரே நல்ல மூக்கு அது.

பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள். நான் வெளியே இருந்தால் விடுமுறைக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
நடுக்கத்துடன்,
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: மூக்கைத் தொட்டுவிடாதீர்கள்! நிபுணர் இன்றைக்கே வந்துவிட்டாராம், வானொலியில் சொன்னார்கள். அந்தக் காலத்திலேயே மூக்குக்கண்ணாடி இருந்ததற்கு இந்தப் பள்ளம்தான் சான்று என்கிறாராம். மூக்குக்குத் தனி விளக்கே போடுகிறார்களாம். அப்பாடா என்று நிமிர்ந்தேன். உங்கள் தங்கையும் கேட்டுவிட்டாள். “கண்ணாடி போட்ட ராணியாமே! அண்ணனையும் பாத்து நாளாச்சு” என்று கிளம்பிவிட்டாள். எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை. தபால் பிந்தும் என்பதால் இதை ஒட்டி அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். நிபுணர் இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறாராம். உங்கள் காலில் விழுகிறேன் மச்சான், அவளை ராணி பக்கத்தில் நிற்க விடாதீர்கள். வாசலில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறாள், நன்றாகப் பார்க்க வேண்டுமாம்.