ஓ.டி.க்குக் கையெழுத்து

அது நரியும் இல்லை, நாயும் இல்லை. தெரு அடங்கிய பிறகு மொட்டை மாடியிலிருந்து அந்தச் சத்தம் கிளம்பும். முதலில் கொய்ங் என்று ஒரு முனகல். அப்புறம் யாரோ பல்லை நறநறவென்று கடிப்பது போல. கடைசியில் 'க்ரீஈஈச்... கர்ர்ர்' என்று, பூனையை வாலைப் பிடித்துத் தகரத்தின்மேல் இழுத்தாற்போல் ஓர் அலறல். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அந்தத் தெருவில், ரயில் சத்தத்திலும் ரோலிங் மில் சத்தத்திலும் குறட்டை விட்டுப் பழகினவர்கள்கூட அதைக் கேட்டு எழுந்து உட்கார்ந்தார்கள்.

விஜயகுமாருக்கு மட்டும் அது நாதஸ்வரம். அவன் கம்ப்யூட்டர், டெலிபோன் கம்பி வழியாக இன்டர்நெட்டைக் கூப்பிடும் சத்தம் அது. இப்போது வீட்டுக்கு நாலு போன் இருக்கிறது, எல்லாவற்றிலும் உலகம் இருக்கிறது, ஒன்றும் வாயைத் திறப்பதில்லை. இரண்டாயிரத்து ஐந்தில் உலகம் ஒரு வீட்டுக்குள் நுழைய வேண்டுமென்றால் கத்திக்கொண்டுதான் நுழைந்தது.

விஜயகுமார் ஓர் இரும்பு மில்லில் இயந்திரப் பாகங்களுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவன். திருவள்ளூரில் மல்டிமீடியா கோர்ஸ் ஒன்றை முடித்தான். மில்லுக்கு ஒரு கும்பிடு போட்டான். செல்போன் கேம்களுக்குப் படம் போட ஆரம்பித்தான். பட்டன் போன் காலம். திரை தீப்பெட்டியைவிடச் சின்னது. அதற்குள் ஒரு மீன் நீந்த வேண்டும். கண், வாய், வால் எல்லாம் சேர்த்து முப்பது நாற்பது புள்ளிக்குள் அடக்கம்.

மாடி ரூமுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பகலில் உள்ளே உட்கார்ந்தால் மனுஷனே வடாம் ஆகிவிடுவான். ஆகவே ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவியதும் மேலே ஏறிவிடுவான். ஏறும்போது ஒரு கட்டளை:

"கவி, தாப்பா போடாத. நடுவுல டீ குடிக்க வருவேன்."

கவிப்பிரியா பழவேற்காட்டுப் பெண். கான்வென்ட்டில் படித்து, கன்னியாஸ்திரீகளிடம் இங்கிலீஷும் பணிவும் கற்றவள். காற்று சுழற்றியடிக்கும்போதும் ஏரியில் அப்பாவோடு படகில் போனவள். ஆனால் சாத்தி மட்டும் வைத்த கதவு என்றால் அவளுக்கு உயிர் போய்விடும். பக்கத்தில் இன்னும் தவழக்கூட ஆரம்பிக்காத குழந்தை. அதனால் கதவுக்குப் பின்னால் ஒரு பித்தளைக் குடம், அதன்மேல் சொம்பு, அதன்மேல் டம்ளர், டம்ளருக்குள் நாலு கரண்டி என்று தினமும் ஒரு கோபுரம் கட்டிவிட்டுத்தான் படுப்பாள்.

ஓர் இரவு விஜயகுமார் டீக்கு இறங்கி வந்து கதவைத் தள்ளினான். கோபுரம் சரிந்தது.

"யாரு? யாரது?"

"நான்தாம்மா, உன் புருஷன்!"

"ப்ரூஃப் இன்னா?"

"கால் மேல குடம் உழுந்துக்கீது. அதான் ப்ரூஃப்!"

குழந்தை வீறிட்டது. அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கவிப்பிரியா கெஞ்சினாள்.

"உள்ள தாப்பா போட்டுக்கறேங்க. நீங்க வந்து தட்டுங்க."

"தட்டுனா பாப்பா முழிச்சுக்கும்."

"இப்ப மட்டும் தூங்கிக்கினா இருக்கா?"

"பேஜார் பண்ணாத கவி. திருடன் வந்தா நம்ம ஊட்ல இன்னாத்த எடுக்கப் போறான்?"

கவிப்பிரியா தோளில் இருந்ததை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள். விஜயகுமார் அதைப் பார்க்கவில்லை. அவன் கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் டென்மார்க்கிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வலையில் விழுந்தார். மீன் பிடிக்கும் கேம். விஜயகுமார் ஒரு மீனை வரைந்து கவிப்பிரியாவிடம் காட்டினான்.

"இது மடவையா, ரப்பர் செருப்பாங்க?"

"மீனு!"

"வால் பக்கம் வார் அறுந்த மாதிரி இருக்குதே."

முணுமுணுத்துக்கொண்டே வாலைத் திருத்தி அனுப்பினான். டென்மார்க்காரருக்கு வால் ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதினார்: 'மணிக்கு உங்கள் கட்டணம் என்ன?'

விஜயகுமார் ஆடிப்போனான். மாதச் சம்பளம் தெரியும், தீபாவளி போனஸ் தெரியும். தன்னுடைய ஒரு மணி நேரத்துக்கு ஒரு விலை இருக்கும் என்று அதுவரை யாரும் அவனிடம் சொன்னதில்லை. பக்கத்து வீட்டு நாகமுத்துவிடம் ஓடினான். நாகமுத்து ரோலிங் மில்லில் ஷிஃப்ட் பார்த்தே தலை நரைத்தவர்.

"அண்ணே, மணிக்கு எவ்ளோன்னு கேக்குறான்."

"எந்த மணிக்கு? டீக்கடை மணிக்கா?"

"ஐய, ஒரு அவருக்கு எவ்ளோ மணின்னு கேக்குறான்."

"அப்படிச் சொல்லு. மணிக்கு மணி! இதுல இன்னா நைனா யோசனை? பகலுக்கு ஒரு ரேட்டு. ராத்திரி கண்ணு முழிச்சா ஓ.டி. ஓ.டி.ன்னா டபுளு. மில்லுல எங்களுக்கே அப்படின்னா, சீமைக்காரன்கிட்ட உடுவியா?"

விஜயகுமார் துள்ளிக் குதித்து வந்தான். அவன் மண்டைக்குள் ஒரு மகா திட்டம் உருவாகிவிட்டது. பகல் முழுக்கத் தூங்குவது. மொத்த மீனையும் ராத்திரியிலேயே வரைவது. மூச்சு விட்டாலும் ஓ.டி.!

இங்கிலீஷ் கடிதம் என்றால் வீட்டில் கவிப்பிரியாதான். சாயங்காலம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியேறினாள். அவனிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டுக் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தாள். அவன் குழந்தையோடு குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி சொன்னான்.

"எழுது. பகல் வேலை மணிக்கு எட்டு டாலர். ராத்திரி ஒம்போதுக்கு மேல டபுளு."

கவிப்பிரியாவின் விரல் நின்றது.

"டபுள் போதுமாங்க? நீங்க ஆர்ட்டிஸ்ட்டு. நாகமுத்து அண்ணனும் நீங்களும் ஒண்ணா?"

விஜயகுமாருக்குப் புல்லரித்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை ஆர்ட்டிஸ்ட் என்று சொன்னதில்லை.

"அப்ப மூணு மடங்குன்னு போடு!"

"போட்டுட்டேன். ஆனா, நம்ம ராத்திரி அவருக்குப் பகல்தானேங்க?"

"நம்ம ராத்திரி, நம்ம ரேட்டு."

"சரிங்க." இன்னும் இரண்டு வரி தட்டினாள். தட்டிக்கொண்டே, ஏதோ சந்தேகம் போல, "மில்லுல யார் வேணும்னாலும் ராத்திரி நின்னுக்கினு ஓ.டி. எழுதிக்கலாமாங்க?" என்று கேட்டாள்.

இந்த அறியாமையைப் பார்த்து விஜயகுமார் சிரித்தான்.

"அதெப்படி? சூப்பர்வைசர் கையெழுத்து வேணும். ஸ்லிப் இல்லாம நின்னா செக்யூரிட்டி கேட்டுக்கு வெளிய தள்ளிடுவான்."

"அப்ப அதையும் எழுதிடட்டுமா? இல்லாட்டி நம்மள ரூல்ஸ் தெரியாதவங்கன்னு நெனைச்சுக்குவாரு."

"எழுது, எழுது! கொட்டை எழுத்துல எழுது. நாம இன்னா நேத்து வந்தவங்களா?"

கொட்டை எழுத்திலேயே எழுதினாள். அன்று ராத்திரி பூனை அலறியது. கடிதம் போயிற்று.

மறுநாள் பதில் வந்தது. கவிப்பிரியா படித்துத் தமிழில் சொன்னாள்.

"எட்டு டாலருக்கு சம்மதமாம்."

"ஆங்!"

"உங்க வேலை ஒழுங்கு அவருக்கு ரொம்பப் புடிச்சிருக்காம்."

"பார்த்தியா!"

"ராத்திரி வேலைக்கு எந்தக் காலத்துலயும் கையெழுத்து போட மாட்டாராம். ஒம்போதுக்கு மேல மவுஸைத் தொடக் கூடாதாம். குடும்பத்தோட இருக்கச் சொல்றாரு."

விஜயகுமாரின் வாய், அவன் வரைந்த மீனின் வாய் போலத் திறந்தது.

"கடைசி வரி அவர் எழுதினதா, நீ எழுதினதா?"

"நீங்களே படிங்க."

எழுத்துக் கூட்டிப் படித்தான். இருந்தது. டபுள் சொன்னது யார், மூன்று மடங்கு ஆனது எப்படி, கையெழுத்து எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டு போனான். எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் அவன் வாய்தான் இருந்தது.

பகலில் மாடி ரூமில் உட்கார முடியாதே! அந்த ஞாயிற்றுக்கிழமை நாகமுத்து ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம் பிடிக்க, குண்டு மானிட்டர் கீழே இறங்கி ஹாலுக்கு வந்து சேர்ந்தது. பித்தளைக் குடம் பழையபடி தண்ணீருக்குப் போயிற்று. அன்றிலிருந்து வந்த மீன்கள் எல்லாவற்றுக்கும், கவிப்பிரியா அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்தபடியே கழுத்தை நீட்டி வால் சொன்னாள். டென்மார்க்கில் அந்த வால்களுக்கு நல்ல பெயர்.

கம்ப்யூட்டர் கீழே வந்த முதல் நாள் ராத்திரி, குழந்தை தூங்கியதும் விஜயகுமார் பூனை போலக் கம்ப்யூட்டர் பக்கம் நகர்ந்தான்.

"இன்னாங்க?"

"ஒரே ஒரு நண்டு. கால் மட்டும் பாக்கி."

"ஸ்லிப் இருக்குதா?"

"சரி, அப்படியே மாடிக்குப் போயி கொஞ்சம் காத்து வாங்கிக்கினு..."

"கேட்டு மூடியாச்சுங்க."

விஜயகுமார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தான். குழந்தை முழித்துக்கொள்ளாத அளவுக்குக் கர்ஜித்தான்.

"இந்த ஊட்ல யாரு முதலாளி?"

"அவரு டென்மார்க்ல இருக்காருங்க" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, கவிப்பிரியா கதவைச் சாத்தி உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாள்.