காந்திமதிநாதனின் நான்காவது தேர்தல்

வாக்குப்பதிவுக்கு எட்டே நாள் இருக்கும்போது வேட்பாளர் காந்திமதிநாதனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பத்து நாளைக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார். தமிழ்நாட்டில் பேசாமல் ஓட்டுக் கேட்டவர் எவராவது உண்டா என்று காந்திமதிநாதன் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

தமிழர் ஒழுக்கக் கழகத்துக்கு அவர்தான் தலைவர். பொதுச் செயலாளர் அவருடைய சித்தப்பா மகன் குமரகுருபரன். தொண்டர்கள் இனிமேல்தான் சேர வேண்டும். தலைக்குச் சாயம் பூசுவது, கல்யாண வீட்டில் நின்றுகொண்டு சாப்பிடுவது, பெண்கள் வீதியில் நின்று பேசுவது ஆகியவற்றை எதிர்த்து மூன்று முறை சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டிருந்தார். முதல் முறை முந்நூற்றுப் பதினான்கு ஓட்டு. அடுத்த முறை இருநூற்று இரண்டு. போன முறை எழுபத்தொன்பது.

இந்த முறை ஆயிரம் வாங்காவிட்டால் அரசியலுக்கே முழுக்கு என்று நெல்லையப்பர் சந்நிதியில் சத்தியம் செய்திருந்தார். தாலுகா ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தினமும் காலையில் குளித்துச் சட்டை மாட்டிக்கொள்ள அவருக்கு இருந்த ஒரே காரணம் இந்த அரசியல்தான். அதுவும் போனால் மனிதர் என்ன செய்வார் என்று அவர் மனைவி கோமுவுக்கு உள்ளூரக் கவலை.

"நான் வேணா பொம்பளையள்ட்ட போயிக் கேட்டுப் பாக்கட்டுமா?" என்றாள்.

அதற்கு மறுப்பு எழுத அவருக்கு இரண்டு தாள் பிடித்தது. குடும்பப் பெண்கள் வீதிக்கு வருவதைக் கண்டிப்பதுதான் அவருடைய நோட்டீஸின் முதல் வரி. ஆனால் தொகுதியில் பாதிக்கு மேல் பெண்கள் ஓட்டு என்று குமரகுருபரன் எடுத்துச் சொன்னதும், கழகத்தின் அவசரச் செயற்குழு கூடியது. தலைவரின் மனைவிக்கு மட்டும் ஏழு நாள் விலக்கு என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. இரண்டு பேரும் கை தூக்கினார்கள்.

மறுநாள் காலையில் கோமு நோட்டீஸ் கட்டோடு படியிறங்கும்போதே குமரகுருபரன் வழிமறித்தான்.

"மைனி, வீதிக்கு வராதியன்னு வீதில வந்து நீங்களே குடுத்தா சிரிக்க மாட்டாவளா?"

நியாயம்தான். நோட்டீஸ் கட்டு பரணுக்குப் போயிற்று. அப்படியானால் சின்னத்தைச் சொல்லிக் கேட்கலாம். அதில் ஒரு சங்கடம். கேட்ட சின்னம் எதுவும் கிடைக்காமல் அவருக்குக் கடைசியில் வந்து வாய்த்தது, கிண்ணத்தில் நூடுல்ஸ். பேரப் பிள்ளைகள் அந்த வீட்டில் வாய் திறந்து கேட்கக் கூடாத பதார்த்தம் அது. அதைத் தன் மனைவி வாசல் வாசலாகப் போய்ச் சொல்வதா? வேண்டவே வேண்டாம் என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டார்.

மிச்சம் இருந்தது அவருடைய பெயர். கல்யாணமாகி நாற்பத்து நான்கு வருடத்தில் கோமு அதை வாய்விட்டுச் சொன்னது கிடையாது. ரேஷன் கடையில் கேட்டாலும் கார்டைத்தான் நீட்டுவாள்.

"இப்பம் மட்டும் சொல்லச் சொன்னா எப்படி? நாக்கு எழும்ப மாட்டேங்கு" என்றாள்.

காந்திமதிநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓட்டுக்காகப் பண்பாட்டை விற்க வேண்டாம், பொதுவாகக் கேட்டால் போதும் என்று எழுதிக் கொடுத்தார்.

கோமு பொதுவாகக் கேட்டாள். தச்சநல்லூர்ப் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் நிறைந்த வரிசை வீட்டு வளவுகளுக்குள் போய், மறக்காமல் நமக்கு ஒரு ஓட்டுப் போட்டுவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அடுத்தவர் வீட்டுப் பெண்களிடம் ஆண்கள் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பதும் கழகக் கொள்கையாதலால், குமரகுருபரன் தெருமுனையோடு நின்றுகொண்டான்.

அவளுக்கு மேடைப் பேச்சு வராது. ஆனால் காது கொடுத்துக் கேட்பாள். குழாயில் தண்ணீர் வராத கதை, பஸ் நிற்காமல் போகிற கதை, மருமகள் எதிர்த்துப் பேசுகிற கதை எல்லாவற்றுக்கும் தரையில் உட்கார்ந்து 'உம்' கொட்டினாள். கேட்டுக்கொண்டே பீடி இலையும் நறுக்கிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் ஆரத்தி எடுத்தார்கள். ஐந்தாம் நாள் பக்கத்து வளவுகளிலிருந்து ஆள்விட்டு அழைத்தார்கள்.

"ஒரு ஓட்டு வெளிய போவாது" என்று அவள் வந்து சொன்னதும், காந்திமதிநாதன் சட்டசபைக்கென்று நான்கு வேட்டிகளைச் சலவைக்குப் போட்டார்.

எண்ணிக்கை அன்று சாயங்காலம் முடிவு வந்தது. ஐம்பத்தெட்டு ஓட்டு.

அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். தொகுதியில் நோட்டாவுக்கு மட்டும் ஏழாயிரத்துச் சொச்சம் விழுந்து, அது நாலாவது இடத்துக்கு வந்திருந்தது. இளைஞர்களின் கோபம் என்று நாலு பேர் டிவியில் விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருமே வேண்டாம்னு ஏழாயிரம் பேரு வெயில்ல நின்னு அமுக்கிருக்கான். இந்த நாடு உருப்படுமாலே?" என்று குமரகுருபரனிடம் கேட்டார். தொண்டை சரியாகியிருந்தது. அதைப் பயன்படுத்தத்தான் இனி வேலை இல்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெறும் உடம்போடு உட்கார்ந்தார்.

கோமுவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தன் பாழாய்ப்போன நாக்கால்தான் எல்லாம் கெட்டது, பெயரைச் சொல்லித் தொலைத்திருக்க வேண்டும் என்று முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பீடி சுற்றும் சாலோமி, வளவுப் பெண்கள் ஏழெட்டுப் பேரோடு வந்திருந்தாள். கையில் ரோஜா மாலை. காந்திமதிநாதன் அவசரமாகத் துண்டைப் போர்த்திக்கொண்டு எழுந்து கழுத்தை நீட்டினார். அவள் அவரைச் சுற்றிக்கொண்டு போய்க் கோமுவின் கழுத்தில் போட்டாள்.

"அழாதிய அக்கா, மொதத் தடவ நின்னே நாலாவதா வந்திருக்கிய. மிஷின்ல எல்லாப் பொத்தானுக்கும் ஒரு மூஞ்சி இருந்துச்சு, கடைசிப் பொத்தானுக்கு மட்டும் இல்ல. அண்ணாச்சி ஒங்க படத்தப் போட விட்டிருக்க மாட்டாவன்னு நாங்களே புரிஞ்சுக்கிட்டு, அதத்தான் அமுக்குனோம்."