கேட்டாலே தெரியும்

"ஸ்ஸ்... யாரும் மூச்சு விடாதீங்க!" என்றார் மெக்கானிக்.

பட்டறையில் அவரைத் தவிர மூச்சு விடக்கூடிய ஒரே ஜீவன் பல் டாக்டர்தான். தினமும் முப்பது பேரை வாயைத் திறக்கச் சொல்கிறவர், பயந்துபோய்த் தன் வாயை இறுக மூடிக்கொண்டார்.

மெக்கானிக் நீளமான ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை என்ஜினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தார். இன்னொரு கையால் ஆக்ஸிலரேட்டர் கேபிளை இழுத்தார். சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் பட்டறையே அதிர உறுமியது.

"கையால இழுத்தா புலி. நீங்க கால் வச்சா பூனை. என்ன மாயம் சார் இது?"

"அதைத்தானே நானும் ஆறு மாசமா கேட்கிறேன்!"

அந்தக் காரில் என்ஜினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கிற சூப்பர்சார்ஜர் இருந்தது. மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்ட வேண்டும். ஆனால் ஆறு மாதமாக ஒட்டவில்லை. போன வாரம் ஒரு பால் வேன் ஹாரன் அடித்துவிட்டு டாக்டரை முந்திப் போயிருந்தது. அதுகூடப் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை பந்தய மைதானத்தில் சகலையோடு போட்டி. ஏற்கெனவே மூன்று முறை தோற்றாகிவிட்டது. நாலாவது முறையும் தோற்றால் மாமனார் வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியாது.

"எதிர்ல கம்ப்யூட்டர் வச்சிருக்கிற கடைக்குத்தான் போறதா இருந்தேன்" என்றார் டாக்டர். "என் ஒய்ஃப்தான் விடலை. தையல் கிளாஸ்ல உங்க வீட்டம்மா பழக்கமாம். காட்டினா உங்ககிட்டதான் காட்டணும்னு ஒரே பிடிவாதம்."

மெக்கானிக்கின் மார்பு அரை அங்குலம் விரிந்தது. வாசலில் இருபத்திரண்டு வருடமாகத் தொங்கும் போர்டைக் காட்டினார். 'கேட்டாலே தெரியும்.'

"சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள இது பறக்கலைன்னா அந்தப் போர்டைக் கழட்டிடறேன் சார்!"

நாக்கில் சனி என்பது இதுதான்.

முதலில் சூப்பர்சார்ஜரைச் சுற்றுகிற பெல்ட் வழுக்குகிறது என்று தீர்ப்புச் சொல்லி, அதை இறுக்கினார். டாக்டர் ஓட்ட, மெக்கானிக் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். சோதனை ஓட்டத்தில் அவர் ஸ்டீயரிங்கைத் தொடுவதே இல்லை. ஓட்டுகிறவனுக்குக் காது வேலை செய்யாது என்பது அவர் சித்தாந்தம். கார் கிறீச்சிட்ட கிறீச்சில் தெரு முழுக்க ஜன்னல்கள் சாத்தப்பட்டன. வேகம் மட்டும் பழைய வேகமேதான்.

"காத்து பத்தலை சார். பெல்ட் ஓடுற சக்கரத்தைக் கழட்டிட்டு சின்னப் புல்லி மாட்டினா சூப்பர்சார்ஜர் இன்னும் வேகமா சுத்தும்."

மாட்டினார். கேபிளை இழுத்துப் பார்த்தபோது காற்றுக் குழாய் 'டமார்' என்று கழன்று பறந்தது. அதற்கு வழிவிட்டுத் துள்ளிய மெக்கானிக், பழைய ஆயில் நிறைந்த தட்டில் ஷூவோடு இறங்கினார்.

"சே! என் பச்சை ரப்பர் செருப்பு இருந்தா கழுவிவிட்டுப் போயிடலாம். மெத்து மெத்துன்னு இருக்கும் சார். நாய் தூக்கிட்டுப் போயிடுச்சுன்னு வீட்டுல சொல்றாங்க. ஒத்தைச் செருப்புன்னா சரி, ஜோடியாவா தூக்கும்?"

"பெட்ரோலைப் பாருங்க" என்றார் டாக்டர் பரிதாபமாக.

பெட்ரோலைக் கூட்டினார். பின்னாலிருந்து கரும்புகை கிளம்பி, டாக்டரின் வெள்ளைச் சட்டையைச் சாம்பல் சட்டை ஆக்கியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். வேகம் கூடவில்லை.

வேறு வழியில்லாமல் மெக்கானிக் தன் சித்தாந்தத்தை விட்டுக்கொடுத்து, தானே டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஒரு மிதி மிதித்தார். பெடல் சரியாகத்தான் இருந்தது. அவருடைய சொந்தக் காரிலும் அது அவ்வளவு தூரம்தான் போகும். அந்தக் காரும் ஐம்பதைத் தாண்டுவதில்லை. அதற்கு வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டார்.

மணி நாலரை. மெக்கானிக் ஏணியை எடுத்துவந்து போர்டுக்குக் கீழே சாத்தினார்.

"வேண்டாங்க" என்றார் டாக்டர். "நான் தோத்தா தோத்துட்டுப் போறேன். போர்டு இருக்கட்டும்."

"சொன்ன சொல்லு சார்."

மெக்கானிக்கின் கண் கலங்கியது. ஏணியில் ஏறி முதல் திருகாணியைக் கழற்றினார். அது கைநழுவி விழுந்து, கீழே நின்ற காரின் திறந்திருந்த கதவு வழியாகத் துள்ளி உருண்டு பெடலுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. இறங்கி வந்து காரின் தரைவிரிப்புக்குக் கீழே துழாவினார். திருகாணி அகப்படவில்லை. பெடலுக்கு நேர் கீழே, பசை போட்டு ஒட்டிய தடித்த ரப்பர் கட்டை ஒன்று அகப்பட்டது. அழுக்கேறியிருந்தது. பெடலைப் பாதியில் நிறுத்துவதற்கு அளவெடுத்து வைத்தது போல இருந்தது.

"டாக்டர் சார்!" என்ற கூச்சலில் ஏணி சரிந்தது.

காலையிலிருந்து செய்த வைத்தியத்தையெல்லாம் அவசரமாகக் கழற்றிப் பழையபடி மாட்டினார். ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது டாக்டர் மிதித்தார். இருவர் முதுகும் சீட்டோடு ஒட்டியது. மெக்கானிக் பக்கத்து சீட்டில் முதன்முறையாகக் கண்ணைத் திறந்துகொண்டு "ஐயோ! ஐயோ!" என்று சிரித்தார். அவரை இறக்கிவிட்ட கையோடு டாக்டர் தனியாக இன்னொரு சுற்றுக்குப் பறந்துவிட்டார்.

போர்டு பழைய இடத்துக்கு ஏறியது. அந்த நேரம் பார்த்துக் கணவரைத் தேடி வந்தார் டாக்டரின் மனைவி.

மெக்கானிக் ரப்பர் கட்டையைப் போலீஸ்காரர் மாதிரி நீட்டினார். "அம்மா, இது யார் வேலை?"

அந்த அம்மாள் அசரவில்லை. "என் வேலைதான் அண்ணா. சகலையோட மல்லுக்கட்டி எங்கேயாவது முட்டிக்கிட்டா? எனக்கு இருக்கிறது ஒரே வீட்டுக்காரர்."

மெக்கானிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாவம்மா உங்க வீட்டுக்காரர்! கட்டின பொண்டாட்டியே காலை வாரினது தெரியாம ஆறு மாசம் ஓட்டியிருக்காரே! இப்படியும் ஒரு ஏமாளி உண்டா? ஆனாலும் யோசனை பலே யோசனை. எப்படிம்மா தோணுச்சு?"

"எனக்கெங்கே தோணும்? எல்லாம் உங்க வீட்டம்மா சொல்லிக்கொடுத்ததுதான். அந்தப் பச்சைச் செருப்புல வலது கால் உங்க காருக்குப் போயிடுச்சு, இடது கால் சும்மாதானே கிடக்குதுன்னு எனக்குக் குடுத்தாங்க."