முழுக்கை பனியன் போட்ட வீரன்

தலை ஜுபைதாவின் உள்ளங்கையில் இருந்தது. உடம்பு ரேடியோவின் மேல் ஈட்டியோடு நின்றது.

தூசி தட்டத்தான் தொட்டாள். கல்யாணமாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

பனியன் கம்பெனிக்கு மிஷின் விற்க வந்த வெள்ளைக்காரர், முதலாளியான மாமனார் அலாவுதீனுக்குக் கொடுத்துப்போன பீங்கான் பொம்மை அது. பழங்காலத்துச் சீமைப் போர்வீரன். முகத்தை மூடிய இரும்புத் தொப்பி, வளையம் வளையமாகப் பின்னிய கவசச் சட்டை. திருப்பூர்க்காரர் கண்ணுக்கு அது முழுக்கை பனியன்.

வீட்டில் உருவப் பொம்மை வைக்கிற வழக்கம் அவர்கள் ஆட்களிடம் கிடையாது. அதையும் மீறிக் கூடத்தில் வைத்திருக்கிறார்கள் என்றால் எவ்வளவு பிரியம் இருக்க வேண்டும். மாமியார் முனவர் பேகம் நாளுக்கு ஐந்து தடவை அதற்குப் பனியன் துணி போர்த்திவிடுவார், தூங்கும் பிள்ளைக்குப் போர்த்துவது போல.

லேபிள் ஒட்டுகிற மைதாப் பசையைத் தடவித் தலையை வைத்தாள். அது மெல்ல வழுக்கி மார்பில் வந்து உட்கார்ந்தது.

கழுத்தோடு சேர்த்து நூலால் இறுக்கினாள். ஈட்டி பிடித்த கை கழன்று விழுந்தது.

அரக்கை உருக்கி ஊற்றினாள். இரண்டும் ஒட்டிக்கொண்டன. ஆனால் முகம் முதுகுப் பக்கம் திரும்பியிருந்தது. வழிந்த சிவப்பைப் பார்த்தால் யாரோ இப்போதுதான் வெட்டிவிட்டுப் போனது போலிருந்தது.

"என்ன கண்ணு பண்றே?"

வாசற்படியில் மாமியார். கையில் போர்த்துகிற துணி.

"ஒடைச்சுட்டேன் மாமி. எங்க ஊட்டுக்கு அனுப்பீராதீங்க."

முனவர் பேகம் கழுத்தை விரலால் தொட்டார். தலை அவர் விரலோடு வந்தது. அவர் முகத்தில் பெருநாள் களை வந்து, உடனே அணைந்தது.

"இதுக்கா அழுகறே? முகத்தை மூடிக்கிட்டாலும் உருவம் உருவந்தானே. முன்னால வெச்சுட்டு எப்படித் தொழுகறது? அதுக்குத்தான் துணி. இது எப்ப ஒடையும்னு துவாக் கேக்காத நாளில்லை."

"அப்ப வீசிரலாங்களா மாமி?"

"உங்க மாமா உள்ள வந்ததும் மொதல்ல அதைத்தான் பாக்கறாரு. மனசு வாடிருவாரு. ஒட்டித்தான் ஆகோணும்."

கம்பெனி ஃபிட்டர் வெள்ளியங்கிரி, மிஷின் பெல்ட் ஒட்டும் பசையோடு வந்தார். அரக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பசை வைத்தார். மாமியார் தலையை அழுத்த, மருமகள் ஈட்டிக் கையைப் பிடிக்க, காயும்வரை இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஜுபைதா அந்த வீட்டில் முதல்முறையாகச் சிரித்தாள்.

"இனிச் சுத்தியல்ல அடிச்சாலும் வராதுங்கம்மா, வெசனப்படாதீங்க," என்றார் வெள்ளியங்கிரி, கையைத் துடைத்தபடி. "மொதலாளிதான் பாவமுங்க. ஊட்டுக்குள்ள நொழைஞ்சதும் 'இன்னுமா இருக்குது'ன்னு அதைத்தான் பாப்பாராமுங்க. நீங்க பிள்ளையாட்டத் துணி போத்தறதப் பாத்துத்தான், கெணத்துல வீச மனசு வராம வெச்சிருக்காராமுங்க."