மேனேஜர் சொன்ன ஆமென்

வேலை, ஜெபம், குடும்பத்தோடு சந்தோஷம் என்று மூன்றையும் சரியாகப் பங்கு போட்டு வாழ்கிறேன் என்று எந்தக் கிறிஸ்தவனாவது சொன்னால் நம்பாதீர்கள். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். என் பங்கீட்டில் வேலைக்கு வாரம் முழுக்க, ஜெபத்துக்கு ஞாயிறு காலை, மனைவிக்கும் மகளுக்கும் 'அடுத்த வாரம் பார்க்கலாம்'.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருப்பதிக்குக் குடிவந்த புதிது. ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. மேனேஜர் சாமுவேல் சார் தெலுங்குக்காரர், அவரும் கிறிஸ்தவர். ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நான் செருப்பைத் தேடும்போது சரியாகப் போன் செய்வார். மெஷின் நின்றுவிட்டது, உடனே வா என்பார். நானும் ஓடுவேன். என் மனைவி எஸ்தர் தமிழக எல்லையோர நகரிக்காரி, தமிழும் தெலுங்கும் அவளுக்கு ஒன்றுதான். எனக்கோ தமிழைக் கொஞ்சம் இழுத்துப் பேசினால் தெலுங்கு வந்துவிடும் என்று ஒரு தைரியம். (அந்தத் தைரியம் இப்போது இல்லை.)

பிச்சாட்டூர் அணைக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்டேன். ஒருநாள் எஸ்தர் கோபப்படாமல் நிதானமாகப் பேசினாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"இந்த ஞாயித்துக்கெழமயும் நீங்க வேலைக்கு ஓடினா, இனிமே எங்கியும் கூட்டினு போங்கன்னு நான் கேக்கவே மாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கிளம்பிவிட்டோம். அணைக்கரையில் மர நிழலில் புளிசாதத்தைப் பிரித்து வைத்தேன். மகள் ஜெனி தண்ணீரில் மீன் தெரிகிறதா என்று எட்டிப் பார்க்க, அவள் கையைப் பிடித்தபடி எஸ்தர் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. அப்போது போனில் சாமுவேல் சாரின் செய்தி, ஆங்கில எழுத்தில் தெலுங்கு.

"மா நான்னகாரிக்கி மீ ப்ரார்த்தன சாலா அவசரம். இண்ட்டிக்கி ரண்டி."

அவருடைய அப்பாவுக்கு என் ஜெபம் மிகவும் அவசரம், வீட்டுக்கு வா. பெரியவருக்கு உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது என்றே நினைத்தேன். எஸ்தரிடம் செய்தியைக் காட்டாமல், சாருடைய அப்பா கடைசி நிலையில் இருக்கிறாராம் என்று என் மொழிபெயர்ப்பை மட்டும் சொன்னேன். அவள் புளிசாதத்தை மூடினாள்.

புத்தூரில் சார் வீட்டு வாசலில் பந்தல், வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், கூட்டம். எல்லாம் முடிந்துவிட்டது என்று நானே தீர்மானித்தேன். தெருமுனைக் கடையில் ரோஜா மாலை ஒன்று வாங்கிக்கொண்டு ஓடி, சாமுவேல் சாரைக் கட்டிப்பிடித்து போய்விட்டாரே என்று தெலுங்கில் ஓவென்று அழுதேன்.

"போயாரு சார், போயாரு."

அவர் முகம் வெளுத்தது. யார் போனது என்ற பதற்றத்தில் "எவரு?" என்றார்.

பந்தலே உறைந்துவிட்டது. நான் ஏதோ சாவுச் செய்தியைக் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். ஓர் அம்மாள் யாருக்கென்று தெரியாமலே அழ ஆரம்பித்தார். இரண்டு பேர் வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு, உயிரோடுதான் இருக்கிறீர்களா என்று விசாரித்தார்கள். அந்த நேரம் உள்ளேயிருந்து புதுப் பட்டு வேட்டியில் ஒரு பெரியவர் வந்தார். மாலையைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக என் முன்னால் கழுத்தை நீட்டினார். போட்டுவிட்டேன். வேறென்ன செய்வது?

எஸ்தர் என் போனைப் பிடுங்கிப் படித்துவிட்டு, உள்ளே மேசையில் இருந்த கேக்கைக் காட்டினாள்.

"இன்னாங்க, தெலுங்குல அவசரம்னா தேவைங்க. அவுங்க நைனா பொறந்தநாளுக்கு ஜெபம் பண்ணக் கூப்ட்டுகிறாரு."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. சாமுவேல் சார் பெருந்தன்மையாக, பரவாயில்லை, ஜெபம் பண்ணுங்கள் என்றார். நான் மெல்ல எஸ்தருக்குப் பின்னால் நகர்ந்தேன். எஸ்தர் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். பெரியவருக்கு நீண்ட ஆயுசு கேட்டாள். பிறகு குரலைக் கொஞ்சமும் மாற்றாமல் தொடர்ந்தாள். அன்றைக்குத்தான் எனக்குத் தெலுங்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. தமிழில் சொன்னால் இப்படி:

"ஆண்டவரே, என் வூட்டுக்காரருக்கு ஆறு நாள் வேலை குடுங்க. தெனமும் ஜெபம் பண்ற மனசக் குடுங்க. ஞாயித்துக்கெழம மட்டும் அவர எங்களுக்குக் குடுங்க. சார் போன் பண்ணாம நீங்களே பாத்துக்கங்க."

அதிர்ந்து கண்ணைத் திறந்தேன். சாமுவேல் சாரும் திறந்திருந்தார். கூட்டம் மொத்தமும் 'ஆமென்' என்றது, பெரியவர் எல்லாரையும் விடச் சத்தமாக. சார் மட்டும் சொல்லாமலிருந்தால் அப்பாவின் ஆயுசுக்கும் சேர்த்து மறுத்ததாகிவிடுமே! விழுங்கி விழுங்கி அவரும் சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு பிச்சாட்டூர் போனோம், போன் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. ஆனால் அன்று பந்தலில் கண்ணை மூடாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவள் ஜெனி. எங்கள் வீட்டில் அவள் இப்போது என்னிடம் எதையும் கேட்பதில்லை. குடும்ப ஜெபத்தில் ஆண்டவரிடம் கேட்டுவிட்டு, நான் ஆமென் சொல்கிறேனா என்று பார்க்கிறாள். போன மாதம் அவள் ஜெபத்தில் கேட்டு, பழக்க தோஷத்தில் நான் ஆமென் சொல்லிவிட்ட பூனை, இதை எழுதவிடாமல் என் நாற்காலியில் படுத்திருக்கிறது.