கதவில்லாத வீட்டை இடிப்பது குறித்து

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. இங்கு நலம். அங்கு அனைவரும் கதவு சாத்திய அறைகளில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயம் இதுதான். உங்கள் அப்பா கட்டிய இந்த வீட்டை இடிக்க நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும். உலகப் போர் முடிந்த கையோடு, இனி வரப்போகும் புதிய மனிதனுக்கு ஒளிக்க ஒன்றுமிருக்காது என்று சொல்லி, வாசலைத் தவிர ஒரு கதவும் வைக்காமல் கட்டினார் மாமா. புதிய மனிதன் வரவில்லை. மாப்பிள்ளையாக நான்தான் வந்தேன். குளியலறைக்கும் வளைந்த சுவர் மட்டுமே. உள்ளே ஆள் இருப்பது தெரிய வாய்விட்டுப் பாட வேண்டும் என்பது உங்கள் குடும்ப வழக்கம். எனக்கோ கழுதைக் குரல். பல் தேய்த்துக்கொண்டே பாடவைக்கும் கொடுமையை வேறெந்த மாமனாரும் செய்ததில்லை.

இருந்தவரை அவரை ஒருவரும் சீந்தவில்லை. இப்போது கட்டடக்கலைப் பேராசிரியர் ஒருவர் மாணவர் படையோடு வந்து, "மறக்கப்பட்ட மேதைங்க இவர்!" என்று சுவரைத் தடவினார். கூரை ஒழுகும் இடத்தில் இருந்த வாளியைப் பார்த்து, "மழையை வீட்டுக்குள்ளயே கேக்க வச்சிருக்கார் பாருங்க" என்று கண்கலங்கினார். "அது என் வாளி சார்" என்றேன். அதையும் குறித்துக்கொண்டார்கள். பிறகு அவர் குளியலறைக்குப் போனார். வழக்கம் தெரியாத மனிதர், வாயைத் திறக்கவில்லை. துண்டு எடுக்க உங்கள் தங்கை நேரே உள்ளே போய்விட்டாள். அவர் போட்ட அலறலுக்கு ஓடிவந்த மாணவர்கள், எதிரொலி எவ்வளவு அருமை என்று வியந்தார்கள்.

"அப்பா பேரு இப்பத்தான் வெளிய வருது. இப்பப் போய் இடிக்கணுமா?" என்று உங்கள் தங்கை மூக்கைச் சிந்துகிறாள். பேரும் வரட்டும், கதவும் வரட்டும் என்றேன். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. குளியலறையிலிருந்து பாட்டு மட்டும் வருகிறது.

ஆகவே பாசத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, இத்துடன் உள்ள தாளில் கையெழுத்திட்டு உடனே அனுப்பவும். உங்கள் வீட்டில் அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகள் கதவும் தாழ்ப்பாளுமாகப் பல்லாண்டு வாழட்டும்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டும் முன், உங்கள் தங்கையின் மனதை மாற்ற, புதிய அடுக்குமாடி வீடு ஒன்றைக் காட்டக் கூட்டிப்போனேன். எங்கு பார்த்தாலும் கதவு. அவள் குளியலறைக்குள் போய்ச் சாத்திக்கொண்டாள். சத்தமே இல்லை. "என்னம்மா ஆச்சு? ஏதாவது பாடேன்!" என்று கதவை இடித்தேன். "கதவுதான் இருக்கே, எதுக்குப் பாடணும்?" என்றாள். அவள் வெளியே வரும்வரை நானே பாடிக்கொண்டு நின்றேன். வீடு காட்ட வந்தவர் விலையைக் குறைத்தார். கையெழுத்து வேண்டாம், தாளை நானே கிழித்துவிட்டேன். முடிந்தால் ஒரு வாளி அனுப்பவும். பழையதைப் பேராசிரியர் கண்காட்சிக்கு எடுத்துப்போய்விட்டார்.